ஆள் அக்கரையில், ஆர்.சி. இக்கரையில்

டேட்டாபேஸ் என்றவுடன் பேங்க், ரயில்வே ரிசர்வேஷன் போன்ற பெரிய இடத்துச் சமாச்சாரம் என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டு நிற்கும் பைக்கும் ஒரு டேட்டாபேஸில் ஒரு வரிதான். நம்பர் பிளேட் என்பது அந்த வரியைத் தேடி எடுக்க உதவும் சாவி.

வண்டியும் அதன் சொந்தக்காரரும் ஒரே ஊரில் இருக்கும் வரை இதில் எந்தத் தொல்லையும் இல்லை. சொந்தக்காரர் சிங்கப்பூருக்கோ, மலேசியாவுக்கோ, வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விட்டால்? பாஸ்போர்ட்டில் குத்தப்படும் முத்திரை ஆர்.சி.யில் எதையும் மாற்றுவதில்லை. ஆள் ஒரு நாட்டின் டேட்டாபேஸுக்குப் போய்விடுகிறார். வண்டி இன்னொரு நாட்டின் டேட்டாபேஸில் அவர் பெயரிலேயே நிற்கிறது. இதைச் சரி செய்யத்தான் ஒவ்வொரு நாடும் விதிமுறைகள் வைத்திருக்கிறது. அந்த விதிகள் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கின்றன, அதில் நம்மவர்கள் எங்கே மாட்டிக் கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஒரு வண்டி, இரண்டு சாவி

எக்ஸெல் புரோகிராமில் ஒரு ஒர்க்‌ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். முதல் நெட்டு வரிசையில் வண்டி நம்பர், அடுத்ததில் சேஸிஸ் நம்பர், அதற்கடுத்து இன்ஜின் நம்பர், உரிமையாளர் பெயர், முகவரி, மொபைல் நம்பர், இன்ஷூரன்ஸ் முடியும் தேதி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு படுக்கை வரிசையும் ஒரு வண்டி. நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது ‘வாகன்’ என்ற சாப்ட்வேர். மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தயாரித்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்கள் பெயரைத் தட்டினால் வருவது இதில் இருக்கும் வரிதான்.

இதில் வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டுமே சாவிகள். ஆனால் இரண்டும் ஒரே தரம் அல்ல. டி.என். 45 என்றால் திருச்சி என்பது நமக்குத் தெரியும்; கோலாலம்பூரில் அதற்கு அர்த்தம் இல்லை. வண்டி நிரந்தரமாக வேறு நாட்டுக்குக் குடியேறினால் பழைய நம்பர் போய்ப் புது நம்பர் வரும். சேஸிஸ் நம்பர் எங்கு போனாலும் மாறாது. உலகம் முழுவதும் இது 17 எழுத்து, எண்கள் கொண்டதாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்துகளும் இதில் வராது. ஒன்று, பூஜ்யம் இவற்றுடன் குழம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே ஆன்லைனில் சேஸிஸ் நம்பரை டைப் செய்திடும்போது வட்டமாக ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் பூஜ்யம் போடுங்கள். எம்.ஏ. முதல் எம்.இ. வரையிலான எழுத்துகளில் தொடங்கினால் அது இந்தியாவில் தயாரானது.

விருந்தாளியா, வீட்டுக்காரரா?

வேறு நாட்டு நம்பர் பிளேட்டுடன் ஒரு வண்டி நம் சாலையில் ஓடலாமா? ஓடலாம், விருந்தாளியாக இருக்கும் வரை. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. வெளிநாட்டு வண்டிக்கு அதில் கிடைக்கும் சலுகைகளை, தொடர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்ட வண்டிக்கு ஒரு நாடு கொடுக்க வேண்டியதில்லை. எந்த நாட்டு வண்டி என்று காட்ட, பின்னால் முட்டை வடிவில் எழுத்துகள் ஒட்டும் வழக்கமும் உண்டு. மலேசியாவுக்கு எம்.ஏ.எல்., சிங்கப்பூருக்கு எஸ்.ஜி.பி. இலங்கைக்கு மட்டும் இன்றும் சி.எல்.தான். நாட்டின் பெயர் 1972ல் மாறியது. வண்டியில் சிலோன் இன்னமும் ஓடிக் கொண்டிருக்கிறது. டேட்டாபேஸில் ஒரு முறை புகுந்த குறியீட்டை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சாப்ட்வேர் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள்!

2022 ஆகஸ்ட்டில் நமது சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் வெளிநாட்டு சொந்த வண்டிகளுக்கு விதிகள் வெளியிட்டது. ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். அவை ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பும் வேண்டும். உள்ளூர் ஆட்களையோ சரக்கையோ ஏற்றக் கூடாது.

சிக்கல் வருவது சுற்றுலாப் பயணிக்கு அல்ல. வேலை பார்க்க வருபவர் விருந்தாளியா, வீட்டுக்காரரா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய யூனியன் எண்ணால் பதில் சொல்கிறது. ஒரு காலண்டர் ஆண்டில் குறைந்தது 185 நாள் எங்கே வாழ்கிறாரோ, அதுவே அவர் வழக்கமாகக் குடியிருக்கும் நாடு. 1983ல் கொண்டுவந்த விதி இது. வேறு நாட்டில் தற்காலிகமாகத் தங்குபவர், பொதுவாகப் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் வரை தன் சொந்த வண்டியை அங்கே வரி கட்டாமல் வைத்திருக்கலாம்.

அங்கே ஒரு நாட்டு போலீஸ்காரர் இன்னொரு நாட்டு வண்டியைப் பற்றி எப்படித் தெரிந்து கொள்கிறார் என்பது நம் பத்திரிகைக்குப் பொருத்தமான விஷயம். எல்லா நாட்டு வண்டிகளையும் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டு வந்து கொட்டவில்லை. 1994ல் தொடங்கிய யூகாரிஸ் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு நாடும் தன் டேட்டாவைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறது. ஜெர்மனிக்கு ஒரு போலந்து வண்டி பற்றித் தெரிய வேண்டுமென்றால் போலந்தின் கம்ப்யூட்டரைக் கேட்கும், பதில் வரும். ஆர்.சி.யையும் 1999ல் ஒரே அமைப்புக்குக் கொண்டு வந்தார்கள். எந்த மொழியில் அச்சடித்தாலும் ஏ என்ற குறியீட்டுக்கு எதிரே வண்டி நம்பர், இ என்பதற்கு எதிரே சேஸிஸ் நம்பர். போர்ச்சுகீசிய மொழி தெரியாதவரும் படித்துவிடலாம். பைல் பார்மட் ஒன்றாக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்பது போலத்தான்.

ஜொகூர் பாலத்தில் என்ன நடக்கிறது?

நம்மவர்களுக்கு நெருக்கமான எல்லை சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே உள்ளது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம், 1924ல் திறந்தது. துவாஸ் பக்கம் இரண்டாவது பாலம் 1998ல் வந்தது. விடியும் முன்பே ஆயிரக்கணக்கான மலேசியத் தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்து, வேலை முடிந்து அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களில் தமிழர்களும் நிறைய உண்டு.

ஏன் பஸ்ஸில் போகாமல் மலேசிய நம்பர் பைக்கிலேயே போகிறார்கள்? சிங்கப்பூரில் வண்டி வாங்குவதற்கு முன் வண்டி வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். சி.ஓ.இ. என்ற இந்த உரிமை 1990ல் அறிமுகமானது; பத்து வருடம்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சி.ஓ.இ. 1,50,001 வெள்ளிக்குப் போனது. மோட்டார் சைக்கிளுக்கே 2022 நவம்பரில் 12,000 வெள்ளியைத் தாண்டியது. கவனியுங்கள், இது பைக்கின் விலை அல்ல. பைக் வைத்துக் கொள்ள அனுமதிச் சீட்டு!

பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தச் செலவே கிடையாது. எனவே சிங்கப்பூரில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஜொகூரில் வண்டி வாங்கி இங்கே ஓட்டத் தொடங்கினால் சி.ஓ.இ. முறையே படுத்துவிடும். இதனால் சிங்கப்பூர் வைத்திருக்கும் விதி கறாரானது. சிங்கப்பூர் குடிமகன், நிரந்தரவாசி, இங்கே தங்கி வேலை பார்ப்பவர் ஆகியோர் வெளிநாட்டு நம்பர் வண்டியைச் சிங்கப்பூரில் வைத்திருக்கவோ ஓட்டவோ கூடாது.

ஒரு உதாரணம். ஜொகூர் பாருவில் குடும்பத்துடன் இருந்து கொண்டு தினமும் போய் வரும் மலேசியர் தன் மலேசிய பைக்கில் வரலாம். அதே ஆள், அதே வேலை, அதே பைக். அலைச்சல் தாங்காமல் சிங்கப்பூரில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டால் அந்த பைக்கை அங்கே ஓட்டக் கூடாது. பாஸ்போர்ட் மாறவில்லை, ஆர்.சி. மாறவில்லை. இரவில் தலை சாய்க்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து போய் சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் தங்கியிருப்பவர், விடுமுறை நாளில் மலேசிய நண்பரின் பைக்கை வாங்கி அங்கே ஒரு சுற்று சுற்றி வருவதும் இந்த விதியில் அடிபடும். இது பலருக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். செக்பாயிண்டில் வண்டி நம்பரையும் ஆளின் அடையாளத்தையும் ஒரே இடத்தில் படிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

உள்ளே வரத் தகுதியுள்ள வெளிநாட்டு வண்டிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. கார்களுக்கு ஒரு நாளைக்கு 20 வெள்ளியாக இருந்ததை 2014 ஆகஸ்ட்டில் 35 வெள்ளியாக உயர்த்தினார்கள். கட்டணமும் இலவச நாள்களும் அவ்வப்போது மாறுபவை. கிளம்பும் முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்த்துக் கொள்வது நல்லது.

எதிர்ப்பக்கம் மலேசியாவும் சும்மா இல்லை. சிங்கப்பூர் நம்பர் கார்கள் மலேசியாவுக்குள் வர வி.இ.பி. என்ற அனுமதி வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லித் தள்ளிப் போட்டு, 2024 அக்டோபர் 1ல் அமலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஜூலை 1 முதல் அனுமதி இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். இந்த அனுமதி காகிதத்தில் வருவதில்லை. ஆர்.எப்.ஐ.டி. டேக் ஒன்றை வண்டியில் ஒட்ட வேண்டும்.

இந்த டேக்கில் என்ன இருக்கிறது? பாட்டரி கிடையாது. ஒரு சின்ன சிப், அதைச் சுற்றி ஆன்டெனா. சாலையோரம் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்துக் கொண்டு, தன்னிடம் உள்ள எண்ணைத் திருப்பிச் சொல்லும். உங்கள் பெயர், பாஸ்போர்ட் நம்பர், பணம் எதுவும் டேக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவை சர்வரில் இருக்கும். எண் வந்ததும் கம்ப்யூட்டர் அந்த வரியை எடுத்துப் பார்க்கும். ஆகவே பதிவு செய்திடும்போது வண்டி நம்பரில் ஒரு எழுத்து தவறாக அடித்துவிட்டால், டேக் மிகச் சரியாக வேலை செய்து தவறான வரியைக் காட்டும்! ஒரு காரின் டேக்கைப் பிய்த்து இன்னொரு காரில் ஒட்டுவதும் இதனால்தான் பயன்படாது.

பெட்ரோல் பங்க்கிலும் நம்பர் பிளேட் பேசுகிறது. 2010 ஆகஸ்ட் முதல் மலேசியாவில் வெளிநாட்டு நம்பர் வண்டிகளுக்கு மானிய விலை ரான் 95 பெட்ரோல் விற்கக் கூடாது. ஆனால் மலேசிய நம்பர் வண்டி வைத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை நம்பர் பிளேட்டை வைத்துப் பிரிக்க முடியாதே? 2025 செப்டம்பர் 30ல் தொடங்கிய புதிய திட்டத்தில் அடையாள அட்டையான மைகாட் மூலம் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் மானிய விலை. சாவி வண்டியிலிருந்து ஆளுக்கு மாறிவிட்டது.

வளைகுடாவில் கணக்கு வேறு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் முல்கியா என்ற ஆர்.சி. உங்கள் எமிரேட்ஸ் ஐ.டி.யுடன் சேர்ந்தது, அபராத பாக்கி இருந்தால் புதுப்பிக்க முடியாது. வேலை முடிந்து விசா கேன்சல் ஆவதற்கு முன்பே காரை விற்றுப் பெயர் மாற்றிவிட வேண்டும். ஊருக்குக் கொண்டு வரலாம் என்ற ஆசை பலிக்காது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். இந்தியாவுக்குள் வரும் பழைய காருக்கு வலது பக்கம் இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு மேல் வயதும் ஆகியிருக்கக் கூடாது.

ஊரில் விட்டுப் போன பைக்

என் பார்வையில், பணத்துக்கே ஆபத்து வைப்பது எல்லையில் ஓடும் வண்டி அல்ல. ஊரில் விட்டுப் போனதுதான். விசா வந்தவுடன் டிக்கெட், மெடிக்கல் என்று செலவு நெருக்கும். தெரிந்த பையனிடம் பைக்கைக் கொடுத்துப் பணம் வாங்கிக் கொண்டு, வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறிவிடுவார்கள். “பெயரை நீயே மாத்திக்கப்பா.” அவர் மாற்ற மாட்டார், இன்னொருவருக்கு விற்றுவிடுவார். டேட்டாபேஸில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். எங்கள் தொழிலில் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் வரியை அனாதை ரெக்கார்டு என்போம். இங்கே ரெக்கார்டு அனாதை இல்லை, தேடி வர ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் வினை.

அந்த பைக் ஒரு விபத்தில் சிக்கினால்? பல கை மாறிய ஒரு வண்டியின் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர். பணம் வாங்கிக் கொண்டு விற்றுவிட்டேன், வண்டி என் கையில் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தால் நஷ்ட ஈடு முழுவதும் அக்கரையில் வெல்டிங் வேலை பார்ப்பவரின் தலையில் விழும். நோட்டீஸ் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். விற்றதைத் தெரிவிப்பது பாரம் 29. பெயர் மாற்ற விண்ணப்பம் பாரம் 30. பிளேன் ஏறும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். தேதி இடிக்கிறதென்றால் விற்காமல் வீட்டிலேயே விட்டுச் செல்வது மேல்.

விற்காமல் தம்பி ஓட்டட்டும் என்று விட்டுப் போகிறீர்களா? தாராளமாக விடலாம். இன்ஷூரன்ஸ் தேதியைக் குறித்துக் கொடுங்கள். 2018 செப்டம்பர் 1க்குப் பிறகு விற்ற புது டூவீலர்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்ந்தே வந்தது. ஐந்து வருடம் என்பதாலேயே அது முடிவதைப் பலர் கவனிப்பதில்லை. சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருடம் செல்லும், அதன் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று மொபைல் நம்பர். வாகன் டேட்டாபேஸில் உள்ள நம்பருக்குத்தான் ஓ.டி.பி.யும் அபராத மெசேஜும் வரும். அந்த சிம் உங்களோடு சிங்கப்பூர் போய் டிராயரில் தூங்கும். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல், போதுமான பாலன்ஸும் இல்லாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். உங்கள் பைக்கின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க் கொண்டிருக்கும்! எனவே பரிவாஹன் தளத்தில் மொபைல் நம்பரை மாற்றும் பகுதிக்குச் சென்று, ஊரில் உயிரோடு இருக்கும் குடும்ப நம்பர் ஒன்றைக் கொடுங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் கேட்கும், ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள்: பரிவாஹன், புள்ளி, ஜி.ஓ.வி., புள்ளி, இன். சர்ச் இன்ஜினில் தேடி முதலில் வரும் விளம்பரத்தில் கிளிக் செய்திட வேண்டாம். மலேசிய வி.இ.பி., சிங்கப்பூர் அனுமதி எதுவானாலும் இதே வழிதான். நடுவில் நின்று கூடுதல் கட்டணம் கேட்கும் ஏஜென்ட் தளங்கள் அசல் தளம் போலவே தோற்றம் தரும்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆர்.டி.ஓ. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் பைல்கள் சுற்றுகின்றன. பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது சலான் அல்ல. போனில் உட்கார்ந்து பேங்க் ஓ.டி.பி.யைத் திருடும் புரோகிராம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், வண்டி அவன் பெயரில், ஏதோ அபராதம் போலிருக்கிறது என்று பதறித்தான் தொடுகிறார்கள். அதைத் தொடாமல் பரிவாஹனின் இ-சலான் பகுதியில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து நீங்களே பார்க்கலாம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வாட்ஸ்அப் மெசேஜை அழித்துவிடலாம்.